பூசணியைத் தள்ளி வையுங்கள்: ஐரிஷ்காரர்கள் மாதிரி ஹாலோவீன் கொண்டாட ஒரு முழு வழிகாட்டி

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31-ல் ஒரே நாளில் வந்தன. டப்ளினில் எங்கள் வீட்டில் காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் ரத்தக்காட்டேரி வேடத்தில் வாசலில் வந்து நின்ற பொடியனுக்கு ஒரு அதிரசம். அவன் அதை முகர்ந்து பார்த்தான், கேட்டருகே நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், பைக்குள் போட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு அம்மா, வயசு எழுபதுக்கு மேல், நான் கதவில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பூசணியை விரலால் தட்டிப் பார்த்து, "பண்டிகை எங்களுடையது, இந்தக் காய் எங்களுடையது இல்லை" என்றார். அடுத்த வருஷம் கையில் ஒரு டர்னிப்பையும் ஒரு கரண்டியையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

அவரிடம் கற்றதும், அப்புறம் நானே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது. வேடம், மிட்டாய், பிளாஸ்டிக் சிலந்தி வலை எல்லாம் ஊருக்கே தெரியும், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஐரிஷ் ஹாலோவீன் என்பது அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு, ஜோசியம் பார்த்து, யாருக்கு எப்போது கல்யாணம் என்று கிண்டலடிக்கிற ராத்திரி. செலவும் குறைவுதான்.

முதலில், இது என்ன ராத்திரி?

இதன் பழைய பெயர் சௌவின். ஆங்கில எழுத்தைக் கூட்டி 'சம்ஹைன்' என்று படித்தால் இங்கே சிரிப்பார்கள், நானும் சிரிப்பு வாங்கியவன்தான். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் இதுதான் பெயர். பழைய அயர்லாந்தில் வருஷத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: மே 1-ல் வெளிச்சப் பாதி, நவம்பர் 1-ல் இருட்டுப் பாதி. கோடையில் மலைக்கு மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கீழே இறங்கும், அறுவடை முடிந்திருக்கும், குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாத மாடுகளை அறுத்து உப்புக்கண்டம் போடுவார்கள். நாள் கணக்கு சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும் என்பதால், நவம்பர் 1 என்பது அக்டோபர் 31 பொழுது சாயும்போதே பிறந்துவிடும். கொண்டாட்டம் ராத்திரியில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த இரண்டு பாதிகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. மேடுகளுக்கு அடியில் வாழும் 'ஷீ' என்ற கூட்டத்தார் வெளியே வருவார்கள், செத்துப்போனவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். இந்தக் கதைகளை எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், அதுவும் பல நூற்றாண்டு கழித்து. அதனால் எது பழைய சரக்கு, எது இவர்கள் சேர்த்த மசாலா என்று பிரிப்பது கஷ்டம். எனக்குப் பிடித்தது அலேன் கதை. தாரா என்பது அயர்லாந்தின் பேரரசர்கள் இருந்த குன்று. 23 வருஷம் தொடர்ந்து ஒவ்வொரு சௌவின் ராத்திரியும் ஷீ கூட்டத்தைச் சேர்ந்த அலேன் யாழோடு வந்து இசை மீட்டி எல்லாரையும் தூங்கவைத்துவிட்டு, வாயால் நெருப்பைக் கக்கி அரண்மனையைக் கொளுத்திவிட்டுப் போவான். கடைசியில் ஃபின் மக்கூல் என்ற வாலிபன் தன் ஈட்டி முனையை நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி, அந்த வலியிலேயே தூங்காமல் விழித்திருந்து அவனைக் கொன்றான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு ஃபின்னைப் புரியும்.

அப்புறம் திருச்சபை. எல்லாப் புனிதர்களுக்கும் சேர்த்து ஒரு திருநாள் ரோமில் 7-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஆனால் மே 13-ல். அது நவம்பர் 1-க்கு வந்து 9-ஆம் நூற்றாண்டில் பரவலாக நிலைத்தது. புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை என்ற ஆங்கிலச் சொற்றொடர்தான் தேய்ந்து தேய்ந்து ஹாலோவீன் ஆனது. கிறிஸ்தவர்கள் சௌவினை அழிக்கத்தான் தேதியை மாற்றினார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஏனென்றால் பழைய ஐரிஷ் திருச்சபை அந்தத் திருநாளை ஏப்ரல் 20-ல் கொண்டாடியது, நவம்பர் 1 வெளியிலிருந்துதான் அங்கே போயிருக்கிறது. இன்னொன்று, சௌவின் என்பது சாவின் கடவுள் பெயர் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அப்படி ஒரு கடவுள் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வேலன்சி என்ற ராணுவப் பொறியாளர் ஐரிஷ் மொழியை வைத்துச் செய்த விபரீத ஆராய்ச்சியில் கிளம்பிய கதை அது.

படி 1: முந்தின நாள் ராத்திரி, பிராக்குக்கு ஊறவைப்பது

இதை மறந்தால் மொத்தமும் போச்சு, அதனால்தான் முதலில் சொல்கிறேன். பார்ம்பிராக் என்பது உலர்பழம் போட்ட ரொட்டி. ஐரிஷ் பெயருக்குப் பொருள் 'புள்ளி போட்ட ரொட்டி', வெட்டினால் திராட்சை புள்ளி புள்ளியாகத் தெரியும். ஈஸ்ட் போட்டுச் செய்வது ஒரு வகை, டீயில் ஊறவைத்துச் செய்வது இன்னொரு வகை. இரண்டாவது சுலபம்.

375 கிராம் உலர்திராட்சையை (கறுப்பு, மஞ்சள் கலந்து) 300 மில்லி சூடான கடுங்காபி நிற டீயில், பால் சேர்க்காமல், 200 கிராம் நாட்டுச் சர்க்கரையும் போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பழம் உப்பியிருக்கும். அதில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி, 250 கிராம் மைதாவும் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சலித்துப் போட்டு, பட்டை ஜாதிக்காய் கிராம்புப் பொடி கலந்து ஒரு டீஸ்பூன் சேர்த்துக் கிளறுங்கள். நெய் தடவி பட்டர் பேப்பர் போட்ட ரொட்டி டின்னில் ஊற்றி 170 டிகிரியில் ஒரு மணி நேரம், சில ஓவனுக்கு இன்னும் பத்து நிமிஷம். குச்சி குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும்.

டின்னில் ஊற்றுவதற்கு முன் ஜோசியச் சாமான்களைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி மாவுக்குள் புதைக்கவேண்டும். மோதிரம் வந்தால் ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம். கந்தல் துணித்துண்டு வந்தால் வறுமை. பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் கிடையாது. குச்சி வந்தால் அடிதடியான இல்லறம் (இதை நான் போடுவதில்லை, சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை). அயர்லாந்து சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற பிராக்கில் இன்றும் ஒரு தகர மோதிரம் இருக்கும். மற்றதெல்லாம் காலப்போக்கில் காணாமல் போய், கல்யாணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சாப்பிட உட்காரும்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு நீங்களே பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

படி 2: மதியம், டர்னிப் விளக்கு

இதுதான் உண்மையான வேலை. ஐரிஷ்காரர்கள் டர்னிப் என்று சொல்வது மேலே ஊதா, உள்ளே மஞ்சள் நிறக் கிழங்கு. நம்ம நூக்கோலுக்கு அண்ணன் மாதிரி இருக்கும், ஆனால் கல் மாதிரி கெட்டி. பூசணி உள்ளே காலியாக இருப்பதால் பத்து நிமிஷத்தில் குடைந்துவிடலாம், டர்னிப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அமெரிக்கா போனவர்கள் அங்கே பூசணியைப் பார்த்ததும் டர்னிப்பை ஏன் மறந்தார்கள் என்பது, முதல் அரை மணி நேரத்திலேயே உங்கள் மணிக்கட்டுக்குப் புரிந்துவிடும்.

கையளவைவிடப் பெரியதாக, அடி தட்டையாக உள்ளதை வாங்குங்கள். உட்காரவில்லை என்றால் அடியில் மெலிதாகச் சீவிவிடலாம். மேலே இரண்டு விரல்கடை வெட்டி எடுத்து மூடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்சதையில் கத்தி முனையால் சதுரம் சதுரமாகக் கீறி, கீறிய இடத்தைக் கனமான ஸ்டீல் கரண்டியால் நெம்புங்கள். மெல்லிய கரண்டி வேண்டாம், என் முதல் கரண்டி வளைந்து இப்போது புளி டப்பாவில் கிடக்கிறது. சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு வந்ததும் நிறுத்துங்கள். வெளிச்சம் தோலுக்குள் மஞ்சளாகக் கசிய அந்த மெலிவு வேண்டும். கண், மூக்கு, பல். மூடியில் புகை போக ஒரு ஓட்டை, பக்கத்தில் கயிறு கோர்க்க இரண்டு. குடைந்த சதையைத் தூக்கிப் போடாதீர்கள், பொரியலுக்கு அருமையாக இருக்கும்.

மெழுகுவர்த்தி வைத்துப் பத்து நிமிஷத்தில் மூடியின் அடிப்பக்கம் கருகத் தொடங்கும். கருகின முட்டைக்கோஸும் பழைய மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. இங்கே வயசானவர்களுக்கு ஹாலோவீன் என்றால் அந்த வாசனைதான்.

முகம் எப்படி இருக்கவேண்டும் என்று சந்தேகம் வந்தால் மேயோ மாவட்டத்தில் காசில்பாருக்குப் பக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவில் ஒன்று இருக்கிறது. டோனகால் மாவட்டம் ஃபின்டவுனில் செய்யப்பட்ட விளக்கு அது, 1943-ல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மூலக் கிழங்கு உதிர ஆரம்பித்ததால் பிளாஸ்டர் அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். வற்றிச் சுருங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு, நிஜமாகவே ஒரு மண்டை ஓடு மாதிரி. அதைப் பார்த்தபின் எந்தப் பூசணியும் உங்களை மிரட்டாது.

விளக்குக்கு ஒரு கதையும் உண்டு. கஞ்சன் ஜாக் என்பவன் சாத்தானை ஆப்பிள் மரத்தில் ஏறவைத்து, அடிமரத்தில் சிலுவையைக் கீறிவிட்டான். இறங்க முடியாத சாத்தான், உன் உயிரை நான் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தபின்தான் ஜாக் அவனை விட்டான். ஜாக் செத்ததும் சொர்க்கத்தில் கதவைச் சாத்தினார்கள், நரகத்துக்குப் போனால் சாத்தான் கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்கிறான். போகிற வழிக்கு ஒரு தணல் மட்டும் எறிந்தான். தின்றுகொண்டிருந்த டர்னிப்பைக் குடைந்து தணலை உள்ளே வைத்து இன்றுவரை ஜாக் அலைகிறான். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் 'விளக்கு ஜாக்' என்ற பெயர் ராத்திரிக் காவல்காரனுக்கும், சதுப்பு நிலத்தில் மினுங்கி மினுங்கி மறையும் வெளிச்சத்துக்கும் வழங்கியது. நம் ஊரில் அந்த வெளிச்சத்துக்குக் கொள்ளிவாய்ப் பேய் என்று பெயர். பெயர் முதலில் இருந்து, கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

படி 3: சாயங்காலச் சாப்பாடு, கோல்கேனன்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல செய்தி: ஐரிஷ் ஹாலோவீன் சாப்பாட்டில் மாமிசம் கிடையாது. அந்தக் காலத்தில் திருநாளுக்கு முந்தின நாள் கத்தோலிக்கர்கள் மாமிசம் விலக்கினார்கள், அதனால்தான் உருளைக்கிழங்கு, கீரை, ஆப்பிள், கொட்டை, ரொட்டி என்றே எல்லாம் இருக்கும்.

ஒரு கிலோ மாவு மாதிரி உதிரும் உருளைக்கிழங்கை வேகவைத்து மசியுங்கள். கேல் கீரையோ முட்டைக்கோஸோ 250 கிராம், பொடியாக நறுக்கி உப்புத் தண்ணீரில் வேகவைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி வெங்காயத்தாளை 200 மில்லி பாலில் கொதிக்கவிட்டு, சூடாகவே கிழங்கில் ஊற்றி, கீரையையும் சேர்த்துக் கிளறி, உப்பு மிளகு. தட்டில் மலை மாதிரி குவித்து நடுவில் குழி பண்ணி வெண்ணெய்க் கட்டியை வையுங்கள். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் முறை. வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. பச்சை மிளகாய் கிள்ளிப் போடலாமா என்று கேட்டால், நான் போடுகிறேன், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லவில்லை.

இதிலும் மோதிரமோ காசோ ஒளிப்பார்கள். கல்யாணமாகாத பெண்கள் முதல் கவளத்தையும் கடைசிக் கவளத்தையும் காலுறைக்குள் போட்டுக் கதவில் தொங்கவிடுவதும் உண்டு, அந்தக் கதவு வழியாக முதலில் நுழைகிறவன்தான் மாப்பிள்ளை. காலுறையில் மசித்த கிழங்கு. காதலுக்காக என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

படி 4: வாசலில்

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துவது அக்டோபர் கடைசி ஞாயிறு. அதனால் 31-ஆம் தேதி டப்ளினில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பிள்ளைகள் அப்போதிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். பழைய டப்ளின் பிள்ளைகள் வாசலில் கேட்டது மிட்டாயா வம்பா என்று அல்ல, "ஹாலோவீன் பார்ட்டிக்கு உதவுங்க!" என்றுதான். அந்த மிட்டாய் மிரட்டல் வசனம் 1920-களில் கனடா பத்திரிகைகளில் தலைகாட்டி, அமெரிக்கா முழுக்கப் பரவி, டிவி வழியாக அயர்லாந்துக்கே திரும்பி வந்தது. வேடம் போட்டு வீடு வீடாகப் போவது மட்டும் இங்கேயே பழசு. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கார்க் பகுதியில் வெள்ளைக் குதிரை வேடக்காரன் முன்னே போக, இளைஞர்கள் கொம்பூதிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் வசூலித்திருக்கிறார்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டியது தோலோடு வறுத்த வேர்க்கடலை. சத்தியமாக. அயர்லாந்துக் கடைகளில் ஹாலோவீன் வந்தால் மூட்டை மூட்டையாக இறங்கும், அதை 'குரங்குக் கொட்டை' என்பார்கள். பையைக் கொட்டிப் பார்க்கும் பிள்ளைகள் முதலில் ஒதுக்குவதும் அதைத்தான், அது வேறு விஷயம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம், கேட்டுவிட்டுக் கொடுங்கள், கூடவே மாண்டரின் ஆரஞ்சும் வையுங்கள்.

அந்நியர் தரும் மிட்டாயில் விஷம் இருக்கும் என்ற பயம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல வருஷம் இந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக அலசினார். முகம் தெரியாத ஒருவர் வாசலில் கொடுத்த மிட்டாயால் எந்தக் குழந்தையும் இறந்ததாக அவருக்கு ஒரு சம்பவமும் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை, ஆனால் கொடுத்தது பெற்ற தகப்பன், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக.

பட்டாசு பற்றி ஒரு வார்த்தை. அயர்லாந்தில் மத்தாப்பு மாதிரி சின்னச் சின்ன அயிட்டம் தவிர மற்றப் பட்டாசை லைசென்ஸ் இல்லாமல் வெடிப்பது குற்றம். தீபாவளிக்கு நான் ஒரு சரம் வெடிக்க முடியாது, ஆனால் செப்டம்பர் கடைசியிலிருந்தே தெருமுனையில் விடலைப் பையன்கள் வெடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் ஹாலோவீனாம்.

படி 5: விளையாட்டும் ஜோசியமும்

ஏழு மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியில் ஆப்பிளை மிதக்கவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுப்பது எல்லாருக்கும் தெரியும். ஆப்பிளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காற்று, அதனால்தான் நழுவி நழுவி ஓடுகிறது. காம்பு உள்ளதைக் குறிவையுங்கள். கெட்டிக்காரர்களுக்கு அடியில் காசு போடுவார்கள், அதற்குத் தலையை முழுக்க முக்க வேண்டும். தொங்கவிட்ட ஆப்பிளைக் கடிப்பது இன்னொன்று. பழைய முறையில் இரண்டு குச்சியைக் கூட்டல் குறி மாதிரி கட்டி, இரண்டு முனையில் ஆப்பிள், மற்ற இரண்டு முனையில் எரியும் மெழுகுவர்த்தி, அப்படியே சுழற்றிவிடுவார்கள். நீங்கள் வெறும் நூலில் ஆப்பிளைக் கட்டுங்கள், போதும். டேனியல் மக்லீஸ் 1833-ல் வரைந்த ஓவியம் ஒன்றில், அதற்கு முந்தின வருஷம் பிளார்னியில் அவர் பார்த்த ஹாலோவீன் விருந்து இருக்கிறது. ஆப்பிளும் கொட்டையும் சீட்டாட்டமும் பாட்டும், வீடு கொள்ளாத கூட்டம். பேய் ஒன்றுகூட இல்லை!

கொட்டை ஜோசியத்துக்கு ஹேசல் கொட்டை இரண்டு வேண்டும். ஒன்றுக்குப் பையன் பெயர், ஒன்றுக்குப் பெண் பெயர், அடுப்புத் தணல் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் நல்ல ஜோடி. ஒன்று டப்பென்று வெடித்துத் துள்ளிப்போனால் அந்த ஆள் ஓடிவிடுவார். தள்ளி உட்காருங்கள், நிஜமாகவே வெடிக்கும். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் ஹாலோவீனைப் பற்றி எழுதிய நீண்ட கவிதையிலும் இந்தக் கொட்டை வருகிறது. அந்த ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் கேல் செடியையும் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் வரப்போகிறவர் நெட்டை, கோணலாக இருந்தால் அப்படியே. வேரில் ஒட்டிய மண்தான் சீர்வரிசை.

ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே நீளமாகச் சீவி இடது தோளுக்கு மேலே பின்னால் எறியுங்கள், விழுகிற வடிவம் வரப்போகிறவர் பெயரின் முதல் எழுத்து. ஆங்கிலத்தில் எப்போதும் 'எஸ்' அல்லது 'சி'தான் வரும். தமிழில் 'ட' விழவே விழாது, 'ஹ' பெயர்காரர்களும் ஆசைப்பட வேண்டாம்.

தட்டு ஜோசியத்தில் கண்ணைக் கட்டி மூன்று தட்டுகளை இடம் மாற்றி வைப்பார்கள். மோதிரத்தில் கை பட்டால் கல்யாணம், தண்ணீரில் பட்டால் கடல் தாண்டிப் போவார், மண்ணில் பட்டால் வருஷத்துக்குள் சாவு. மண் தட்டை எங்கள் வீட்டில் வைப்பதில்லை. தண்ணீரில் கைவைத்த என் தம்பி, "ஏற்கெனவே தாண்டியாச்சு" என்றான்.

படி 6: தூங்குமுன்

அடுப்பை முழுக்க அணைக்காமல், கதவைத் தாழிடாமல், ஒரு தட்டு கோல்கேனனும் கரண்டியும் மேசையில் வைத்துவிட்டுப் படுப்பார்கள், வீட்டுக்கு வரும் செத்தவர்களுக்காக. படையல் போட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். கதவை மட்டும் நான் பூட்டிவிடுகிறேன்.

அந்த ராத்திரிக்குப் பிறகு வேலியோர பிளாக்பெர்ரியைப் பறித்துத் தின்னக்கூடாது. கறுப்புக் குதிரையாகவோ ஆடாகவோ உருமாறும் பூகா என்ற குறும்புப் பிசாசு அதன்மேல் எச்சில் துப்பிவிட்டுப் போயிருக்கும். நவம்பரில் அந்தப் பழம் நீர்கோத்துப் பூஞ்சை பிடித்துத்தான் கிடக்கும், ஆகவே பூகாவை நம்பாவிட்டாலும் நஷ்டமில்லை.

அயர்லாந்தில் இருந்தால், கையில் கார் இருந்தால்

அக்டோபர் கடைசித் திங்கள் பொது விடுமுறை, பள்ளிக்கும் அந்த வாரம் லீவு. ராஸ்காமன் மாவட்டத்தில் டல்ஸ்க் ஊருக்குப் பக்கத்தில் ராத்க்ரோகன் இருக்கிறது, அங்கே பூனைக் குகை என்று ஒன்று. சௌவின் ராத்திரியில் இதிலிருந்துதான் பூதங்கள் கிளம்பும் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன, துறவிகள் இதற்கு அயர்லாந்தின் நரகவாசல் என்று பெயர் வைத்தார்கள். பார்த்தால் வயல் ஓரத்தில் ஒரு பொந்து, அவ்வளவுதான். தவழ்ந்துதான் நுழையவேண்டும். வாசல் உத்தரக்கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் மேவ் என்பவரின் மகன் ஃப்ராக் பெயர் வெட்டியிருக்கிறது, தலைக்கு மேலே டார்ச்சைத் திருப்பினால் தெரியும். உள்ளே போகப் போக உயரமாகும், தரை முழுக்கச் சேறு, பழைய உடுப்பில் போங்கள். ஊரில் உள்ள பார்வையாளர் மையத்திலிருந்து வழிகாட்டியோடு போவது நல்லது. தாராவில் உள்ள பிணைக்கைதிகள் மேட்டின் கல்லறை 5,000 வருஷப் பழசு, சௌவினை ஒட்டிய நாட்களில் விடியல் வெளிச்சம் அதற்குள் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

மறுநாள்

மிச்சமான பிராக்கைத் துண்டு போட்டு, டோஸ்ட் பண்ணி, உப்பு வெண்ணெய் தடவி டீயோடு சாப்பிடுங்கள். முதல் நாளைவிட அதுதான் ருசி. டர்னிப் விளக்கை உடனே குப்பையில் போடவேண்டாம், மழை படாத ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுங்கள். எங்களுடையது நான்காம் நாள் கன்னம் ஒட்டியது, ஆறாம் நாள் உதடு உள்ளே மடங்கிப் பல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஏழாம் நாள் தபால்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் பாட்டி வீட்டில் இதே மாதிரி ஒன்று இருக்கும் என்றார்.